கட்டத்துக்கு ஆயிரம் நொடி

முதல் இரவை வீணாக்கியது நான்தான்.
பொத்தானை ஏசியில் விட்டுவிட்டேன்.
விடிந்தபோது திரையில் கிடந்தது
அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் ஒரு கோடு.
மெதுவாக மாறுவதையெல்லாம்
மாறவே இல்லை என்று கழித்துவிடும் அந்த அமைப்பு.
துடிப்பவை மட்டுமே அதன் கண்ணில் படும்.

"அப்போ பெட்டியில் கோளாறு இல்லையா?"
தாதி துல்மா கேட்டாள்.
அவள் உள்ளங்கையில்
உறைந்து கீறல் விட்ட தடுப்பூசிக் குப்பி.

ஹோவ்ஸ்கோல், ஜனவரி.
வெளியே சுழியத்துக்குக் கீழே முப்பத்தெட்டு.
இந்த ஊரில் குளிர்பெட்டிதான்
கொஞ்சம் வெதுவெதுப்பான இடம்.

இரண்டாம் இரவு டிசி.
பார்த்தேன், மறுபடியும் பார்த்தேன்.
வெப்ப உணரியின் கம்பிகளைக்
கதவின் ரப்பர் இடுக்கில் நுழைத்தேன்.
குப்பிகளைத் துல்மா ஏற்கெனவே
தன் கட்டிலுக்குக் கொண்டுபோயிருந்தாள்,
போர்வைக்குள், காலடியில்.

கட்டத்துக்கு ஆயிரம் நொடி.
பன்னிரண்டு கட்டம்.
ஒன்று நாற்பதுக்குத் தொடங்கினால்
ஐந்து மணிக்குத் திரை நிறையும்.

நொடிக்கு நூறு கோடி முறை
பார்க்கத் தெரிந்த கருவி இது.
அதைப் பிடித்து உட்காரவைத்து
காத்திரு என்றேன்.
பந்தயக் குதிரையை
ஆட்டுக்கிடைக்குக் காவல் போட்டதுபோல்.

பார்க்கும்வரை புள்ளி நகரவில்லை.
உப்புத் தேநீர் ஊற்றிக்கொண்டு திரும்பினால்
நகர்ந்திருந்தது.
மறுபடி முறைத்தேன்.
மறுபடி நின்றது.

இரண்டு பத்துக்குக் கோடு தலைகுனிந்தது.
நெருப்பு அணைந்தது அதற்கும் முன்பே.
என் கால்விரல்கள்
கருவியை முந்திக்கொண்டு அளந்துவிட்டன.

மூன்று மணிக்குக் கொதிகலன் அறைக்குப் போனேன்.
சொத்னோம் அமர்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.
மடியில் குறுக்கே கரி மண்வெட்டி,
வாய் பாதி திறந்து,
ஒரு காலணியின் கயிறு அவிழ்ந்து.
கதவின் பிடியில் என் கை இருந்தது.
எழுப்பினால் பதிவு கெடும்.
எழுப்பாவிட்டால்
என்ன கெடும் என்று யோசித்தேன்.
குழாய்கள் இன்னும் தொடும் சூட்டில்தான் இருந்தன.
கதவை மெல்லச் சாத்திவிட்டு
கருவிக்கே திரும்பினேன்.
அந்த இரவில் நான் செய்தவற்றில்
இது ஒன்றுதான் எந்தக் கட்டத்திலும் விழவில்லை.

நாலரைக்கு மேல்
எங்கோ இரும்பில் கரி உரசும் ஓசை.
கோடு அதைக் கேட்கவில்லை.
இன்னும் கால் கட்டம் கீழே போய்,
நின்று,
பிறகு வேண்டாவெறுப்பாக நிமிர்ந்தது.
ஒரு கரண்டியா இரண்டா என்று
அந்த வளைவில் எண்ண முடியாது.
அவ்வளவு நுட்பம் இல்லை, நெருப்புக்கும் எனக்கும்.

காலையில் அச்செடுத்து
முதலில் அவரிடம்தான் காட்டினேன்.
விரலால் பள்ளத்தைத் தடவிப் பார்த்தார்,
கரி படிந்தது.
"இவ்வளவு நேரமா தூங்கினேன்?"
திகைப்பில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.
பகலில் பள்ளிக்கூடக் கொதிகலனும் அவருக்குத்தான்.
இன்னொரு ஆள் அக்டோபரில்
சுரங்க வேலைக்குப் போய்விட்டான்.
அவனுக்குப் பதில் யாரும் வரவில்லை.

படிவத்தில் 'பழுதான பாகம்' என்றொரு கட்டம்.
அமுக்கி, வாயு, கதவு ரப்பர்
எல்லாவற்றையும் அடித்தேன்.
ஓரத்தில் எழுதினேன்:
அடுப்புக்கு இரண்டாவது ஆள்.
துல்மா படித்துவிட்டுக் கையெழுத்திட்டாள்,
பேனா மை உறைந்திருந்ததால்
மூச்சால் ஊதி ஊதி.

கோப்புக்குப் பெயர் கேட்டது கருவி.
எட்டு எழுத்துக்குள்.
அவர் பெயரை அடித்தேன்.
அழித்தேன்.
தேதியைப் போட்டுச் சேமித்தேன்.